கலவையில் கரைந்த மாத்தளை

மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், மாத்தளை மலரன்பன். இலங்கை மலையகத் தமிழ் இலக்கியத்தைப் புரட்டுகிறவருக்கு இந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். எழுத வந்தவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் ஊரை நிறுத்திக்கொண்டார்கள். சோமு அவுஸ்திரேலியாவில் குடியேறிய பிறகும் ஊர் அவர் பெயரைவிட்டு இறங்கவில்லை. அதே ஊரின் மலைகளில் நூறு வருடத்துக்கு மேலாகப் பறிக்கப்பட்டுவரும் தேயிலைக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வெளிநாட்டுக் கடைகளில் அடுக்கியிருக்கும் தேயிலைப் பெட்டிகளில் மாத்தளை என்ற எழுத்தைக் காண்பது அரிது. அந்தத் தேயிலை கோப்பைக்குள்தான் இருக்கிறது. பல ஊர்த் தேயிலைகளோடு கலந்து, பெயரை இழந்து இருக்கிறது.

கலவை என்றதும் கலப்படம் என்ற சொல்லும் கூடவே நினைவுக்கு வந்து நம்மவர் முகம் சுளிப்பதுண்டு. இரண்டும் வேறு வேறு தொழில்கள். கலப்படம் செய்பவர் விலை குறைந்ததை விலை கூடியதற்குள் ஒளிக்கிறார். கலவை செய்பவர் ஒன்றில் இல்லாததை இன்னொன்றால் நிரப்புகிறார். இதை நன்றாகப் புரிந்துகொள்ள, தேயிலையை ஒரு கணம் விட்டுவிட்டுச் சிவப்பு வைனைப் பார்க்கலாம்.

பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ வட்டாரத்துச் சிவப்பு வைன்களில் பெரும்பாலானவை பல திராட்சை இனங்கள் சேர்ந்தவை. கபர்னே சோவிஞ்ஞோன் தடித்த தோல் கொண்டது. துவர்ப்பும் நிறமும் அதிலிருந்து வருகின்றன, போத்தலில் பல வருடம் தாக்குப்பிடிக்கும் வலுவும் அது தருவதுதான். மெர்லோ முந்திப் பழுக்கும், நாக்கில் மென்மையாகவும் சதைப்பற்றோடும் உருளும். மணத்துக்குக் கொஞ்சம் கபர்னே ஃபிரான், நிறத்துக்குக் கொஞ்சம் பெத்தி வெர்தோ என்று மற்றவை சிறு அளவில் சேரும். இந்தச் சேர்க்கையைத் தொடங்கிவைத்ததில் நாக்கைவிட வானத்துக்குப் பங்கு அதிகம். வசந்தத்தில் உறைபனி விழுந்தால் முந்தித் துளிர்க்கும் மெர்லோ அடிபடும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பிந்திப் பழுக்கும் கபர்னே கெடும். இரண்டையும் நட்டவர் ஏதாவது ஒன்றைக் காப்பாற்றிக்கொள்வார். மானாவாரி நிலத்தில் சோளத்தோடு துவரையையும் ஊன்றுகிற விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் போர்தோவின் கதையில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், வெயில் குறைந்த வருடங்களில் போர்தோ வைன் மெலிந்துபோனால், அங்குள்ள வணிகர்கள் ரோன் ஆற்றங்கரையின் எர்மிதாஜ் மலையிலிருந்து அடர்ந்த வைனைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கி அதில் ஊற்றினார்கள். உடலில் வலு ஏறிய அந்த வைனை இங்கிலாந்துக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். இது திருட்டுத்தனமாக நடந்த வேலையும் அல்ல. பேர்பெற்ற போர்தோ வைன்கள்கூட இப்படி வலுவேற்றி விற்கப்பட்டன. என்றாலும் போத்தலில் நின்ற பெயர் போர்தோதான். வலு கொடுத்த மலையின் பெயர் வணிகரின் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. 1930களில் பிரான்ஸ் ஊர்ப்பெயர்ச் சட்டங்களைக் கொண்டுவந்த பிறகே ஒரு வட்டாரத்தின் பெயரில் இன்னொரு வட்டாரத்தின் வைனை விற்க முடியாமல் போனது. சட்டம் கலவையைத் தடுக்கவில்லை. ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற ஊருக்கு வகுத்த விதியிலே பதின்மூன்று திராட்சை இனங்களைச் சேர்க்க இடமுண்டு. ஊரைவிட்டு வெளியே போய் எடுத்துவந்து ஊரின் பெயரில் ஊற்றுவதுதான் நின்றது.

தேயிலை வணிகத்தில் மாத்தளையின் இடம் அந்த எர்மிதாஜ் மலையின் இடம்.

மாத்தளை நகரம் ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில், மலையும் வறள்வலயமும் சந்திக்கிற வாசலில் இருக்கிறது. வடக்கே தம்புள்ளை, சிகிரியா என்று நிலம் தாழ்ந்து வெயில் ஏறும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல் எழும். உக்குவளைப் பக்கம் இறப்பர், கொக்கோ, மிளகு. ரத்தோட்டை, எல்கடுவ என்று மேலே போகப் போகத் தேயிலை. அதற்கும் மேலே காட்டு நிழலில் ஏலம். சில மணி நேரப் பயணத்தில் இத்தனை பயிரைக் காட்டுகிற மாவட்டம் இலங்கையில் அதிகம் இல்லை. இலங்கைத் தேயிலை உயரத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. 2,000 அடிக்குக் கீழே தாழ்நிலம், 2,000 முதல் 4,000 அடி வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். மாத்தளை மலைகளின் தேயிலை இடைநிலத்தைச் சேர்ந்தது. இலங்கையின் ஏழு தேயிலை வட்டாரங்களில் அது கண்டி என்ற பெயருக்குள் அடங்கும். பெயர் கரைவது அங்கேயே, முதல் படியிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த மலைகளுக்கு முதலில் வந்த தோட்டப்பயிர் கோப்பி. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். அதற்குப் பிந்திய இருபது வருடங்களில் மலை மலையாகக் காடு அழிந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக ஆண்ட காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்க வழி திறந்தது. மேலே புதுப்புது வரிகளும் விழுந்தபோது, 1848 ஜூலையில் மாத்தளை வெடித்தது. கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் மன்னராக முடிசூட்டிக்கொண்டார். அவரோடு நின்ற புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிலம் இழந்த சிங்களக் கிராமத்தவரின் துயரம் ஒரு பக்கம் என்றால், அந்த நிலத்தில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்களின் துயரம் மறுபக்கம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி என்று தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னால் கிளம்பியவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து நடந்தார்கள். குடிக்க நீர் இல்லாத பாதை அது. வாந்திபேதியிலும் மலேரியாக் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியோரத்திலேயே புதைக்கப்பட்டார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கண்ட முதல் மலைநகரம் மாத்தளை. அங்கிருந்துதான் கங்காணிமார் ஆட்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அழைத்துப் போனார்கள். நடந்து வந்தவர்கள் மாரியம்மனை வைத்துக் கும்பிட்ட ஊரில் இன்று முத்துமாரியம்மன் கோயில் 108 அடிக் கோபுரத்தோடு நிற்கிறது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுகிறது. 1983 வன்செயலில் எரிந்ததும் இந்தக் கோயில்தான்; திருப்பிக் கட்டியெழுப்பியதும் அந்த மக்கள்தான்.

கோப்பியை ஏற்றுவதற்காக மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அந்த நேரம் கோப்பிக்கு ஏற்கனவே நோய் கண்டிருந்தது. 1869இல் இலங்கையில் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுகொண்டு வந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் போட்ட தேயிலைதான் துரைமாரைக் காப்பாற்றியது. மாத்தளைத் தண்டவாளத்தில் கோப்பி மூட்டைக்குப் பதில் தேயிலைப் பெட்டிகள் ஏறின. மலையில் நின்ற ஆட்கள் மாறவில்லை. கோப்பிப் பழம் பறித்த கைகள் கொழுந்து பறிக்கப் பழகிக்கொண்டன.

இனிப் பெட்டியைப் பின்தொடரலாம்.

காலையில் எடுத்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்பட்டு ஸ்டோருக்குப் போகும். தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றே சொல்வார்கள். அதன் சக்கரத்துக்கு ரோதை முனி என்று ஒரு தெய்வத்தையும் வைத்திருக்கிறார்கள். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். உருட்டும்போது இலையின் கண்ணறைகள் உடைந்து சாறு காற்றைச் சந்திக்கிறது, பச்சை செம்புநிறமாகிறது. அந்தச் சில மணி நேரத்தில்தான் தேயிலையின் சாயமும் துவர்ப்பும் உருவாகின்றன. தியாஃபிளேவின் என்ற பொருள் மினுக்கத்தையும் சுறுசுறுப்பையும் தரும். தியாருபிஜின் என்பது செந்நிறத்தையும் கனத்தையும் தரும். சிவப்பு வைனில் திராட்சைத் தோலும் விதையும் செய்கிற வேலைக்கு இது மிக அருகில் வருகிறது. வைனானாலும் தேத்தண்ணீரானாலும் வாயைச் சுருங்க வைக்கிற துவர்ப்பு ஒரே வழியில் வருகிறது: இப்பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு வறண்டதுபோல் தோன்றும். பாலை ஊற்றினால் பாலின் புரதத்தை அவை பற்றிக்கொள்ளும், துவர்ப்பு அடங்கும். சிங்களத்தில் வெறுந்தேத்தண்ணீரின் பெயரே கஹட்ட, அதாவது துவர்ப்பு.

ஸ்டோரிலிருந்து போகும் ஒவ்வொரு பொதியிலும் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது முதல் இன்று வரை, விற்பனைப் பட்டியலில் தோட்டத்தின் முத்திரைப் பெயரும் தரமும் இல்லாமல் ஒரு கிலோவும் ஏலத்துக்கு வருவதில்லை. ஏலத்துக்கு முன் சுவைஞர் வருவார். வெள்ளைக் கோப்பைகள் நீளமான மேசையில் வரிசையாக நிற்கும். பழைய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடை, அதாவது சுமார் 2.8 கிராம் தேயிலை, 140 மில்லிலீற்றர் கொதிநீர், ஐந்தாறு நிமிடம். கரண்டியில் எடுத்துச் சத்தம் எழ உறிஞ்சி, வாய் முழுதும் தெறிக்கவிட்டு, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். வைன் சுவைஞரும் இதையேதான் செய்கிறார். கொழும்புச் சுவைஞர் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைக் கடப்பார். பழகிய சுவைஞருக்கு நாக்கில் பட்டதும் எந்த மலை, எந்த வாரத்து மழை என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். இந்த அறை வரைக்கும் தோட்டத்துக்குப் பெயர் இருக்கிறது.

அதற்குப் பிறகு இல்லை. முன்பு கொழும்பிலிருந்து கப்பலேறிய பெட்டிகள் லண்டன் துறைமுகக் களஞ்சியங்களில் உடைக்கப்பட்டன. பல தோட்டத்துத் தேயிலை ஒன்றாகக் கொட்டிக் கலக்கப்பட்டது. மின்சிங் லேன் தெருவின் வணிகர்கள் அதற்குத் தங்கள் பெயரைச் சூட்டினார்கள். தோட்டத்தின் பெயர் காலிப் பலகைப் பெட்டியில் தங்கியது. இங்கிலாந்தில் குடும்பங்கள் வீடு மாறும்போது சட்டிபானை அடைக்க அந்தப் பெட்டிகளை வாங்கிக்கொள்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. மலையின் பெயரைத் தாங்கிய பலகை யாரோ ஒருவரின் பரணில் கிடந்தது. மலையின் சாரம் வேறு பெயரில் அடுப்படியில் கொதித்தது.

கலப்பவரின் திறமையை இங்கே குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. அது பெரிய கலை. தேயிலை வாரத்துக்கு வாரம் மாறும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது தேயிலைக்கு ஒரு கூர்மையான, புதினாவைத் தொட்ட மணம் ஏறும். டிம்புள்ளவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். நுவரெலியா இலேசானது, பூவாசம் கொண்டது. தாழ்நிலத்து றுகுணை கறுத்த சாயம் தரும். மத்திய கிழக்கில் அதற்கே மவுசு. கண்டி, மாத்தளை இடைநிலத் தேயிலையில் மணம் ஆரவாரம் செய்யாது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் கொஞ்சம் எழும்பும். அதன் பலம் உடல்: செம்புச் சாயம், வாய் நிறைகிற கனம், பால் ஊற்றினாலும் மடங்காத சுவை. கலவை என்ற கட்டடத்தில் அது தூண். மேலே கோபுரமாக ஊவாவின் மணத்தை வைக்கலாம், வெளிப்பூச்சாக அசாமின் மால்ட் சுவையை வைக்கலாம்; நடுவில் தாங்க ஒன்று வேண்டும். கலப்பவர் முப்பதுக்கு மேற்பட்ட தேயிலைகளைச் சேர்த்தும் ஒரு கலவையைக் கட்டுவார். தண்ணீரையும் கணக்கில் எடுப்பார். சுண்ணம் மிகுந்த நீருள்ள நகரத்துக்கு ஒரு கலவை, மென்னீர் நகரத்துக்கு வேறு என்று தோமஸ் லிப்டன் காலத்திலேயே விற்பனை நடந்தது.

வைன் கலப்பவருக்கும் தேயிலை கலப்பவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. போர்தோக்காரர் அந்த வருடத்துக்கு என்ன கிடைத்ததோ அதைக்கொண்டு அந்த வருடத்தின் சிறந்த வைனைச் செய்வார். வருடத்தைப் போத்தலில் பெரிதாக எழுதுவார். 2010 ஒரு மாதிரி, 2013 வேறு மாதிரி என்று குடிப்பவரும் ஏற்றுக்கொள்வார். தேயிலைக் கலவையோ வருடத்தை அழிக்கப் பிறந்தது. வாங்குகிறவருக்குச் சென்ற மாதத்துப் பெட்டியும் இந்த மாதத்துப் பெட்டியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மழை பெய்ததும் பெய்யாததும் தெரியக் கூடாது. அதனால் ஒரு தோட்டத்துத் தேயிலை இந்த வாரம் சேரும், அடுத்த வாரம் சத்தமில்லாமல் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். பெயர் எழுதினால் மாற்ற முடியாது. பெயர் எழுதாமைக்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் கலவையில் பெயரைக் காக்கவே முடியாதா? முடியும் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் சான்று இருக்கிறது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மக்ஸ் ஷூபர்ட் 1951இல் தொடங்கிய கிரேஞ்ச் என்ற சிவப்பு வைன் பல வட்டாரத்துத் தோட்டங்களின் திராட்சையைக் கலந்தது. அந்தந்த வருடத்துக்கு எந்தெந்த வட்டாரம் என்பதை நிறுவனமே வெளியிடுகிறது. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. அந்நாட்டின் ஆகப் புகழ்பெற்ற வைன் அதுதான். இந்தியாவிலும் நந்தி மலையடிவாரத்து குரோவர் தோட்டம் கபர்னே சோவிஞ்ஞோனையும் ஷிராஸையும் சேர்த்த தன் லா ரிசர்வ் வைனுக்கு இரண்டு இனங்களின் பெயரையும் மறைக்கவில்லை.

இலங்கையும் தன் தேயிலைக்குப் பெயர் காக்க முயன்றுதான் வந்திருக்கிறது. 1950களில் லண்டனில் தேயிலைத் தொழில் கற்கப் போன மெரில் ஜே. பெர்னாண்டோ, தன் நாட்டுத் தேயிலை அங்கே பிறர் பெயரில் கரைவதைக் கண்டு, 1980களில் தில்மா என்ற பெயரில் இலங்கைத் தேயிலையை இலங்கையிலேயே பொதிசெய்து விற்கத் தொடங்கினார். தேயிலைச் சபையின் வாளேந்திய சிங்க இலச்சினையைப் போட வேண்டுமானால் உள்ளே நூறு வீதம் இலங்கைத் தேயிலை இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதிசெய்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் தேயிலையை இறக்கிக் கலந்து ஏற்றுமதி செய்ய அனுமதிக்கலாமா என்ற வாதம் பல வருடமாக ஏற்றுமதியாளருக்கும் எதிர்ப்பாளருக்கும் இடையே நடக்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் அந்தச் சண்டையில் காக்கப்படும் பெயர் சிலோன். சிலோனுக்குள் கண்டி கரைகிறது, கண்டிக்குள் மாத்தளை கரைகிறது, மாத்தளைக்குள் தோட்டம் கரைகிறது.

தோட்டத்துக்குள் கரைந்தவர்களும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையால் பிரித்தது. போனவர்களில் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கேயும் அவர்கள் பறித்த கொழுந்தில் பெரும்பகுதி கலவைக்கே போனது.

தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் வேலைக்கு வந்தவரின் பெயருக்கு நேரே குறித்தால் பேர் விழுந்தது என்பார்கள். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே பல வருடப் போராட்டம் தேவைப்பட்டது. பெயர் பதிவாவதும் சோறு கிடைப்பதும் ஒன்றே என்பதை இந்தச் சொல்லைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் 200 வருட நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் கிளம்பியது. முன்னோர் வந்த அதே வழியில், தம்புள்ளை, நாலந்தா ஊடாக, ஆகஸ்ட் 12ஆம் திகதி அது மாத்தளையில் முடிந்தது. மாண்புமிகு மலையக மக்கள் என்ற பெயரைத் தாங்கி நடந்தார்கள்.

அந்த மலைகளின் பெயரைக் கோப்பையிலும் தேடலாம். வாசகர் வீட்டில் ஒரு நாள் இதைச் செய்து பார்க்கலாம். இடைநிலத் தேயிலையும் ஊவாத் தேயிலையும் தனித்தனியே கொஞ்சம் வாங்கி, பாலும் சீனியும் இல்லாமல், ஆறு நிமிடம் ஊறவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். பிறகு இரண்டையும் சரிபாதி கலந்து குடியுங்கள். மணம் எங்கிருந்து வருகிறது, கனம் எங்கிருந்து வருகிறது என்று நாக்கே சொல்லிவிடும். கலவையை ரசிப்பதற்கு இதைவிட நல்ல பாடசாலை இல்லை.

தேயிலையைப் பொதிசெய்து விற்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். கொழும்பு ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் ஏற்கனவே இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அந்த ஏலமே கணினிக்குப் போய்விட்டது. எந்தத் தோட்டத்துத் தேயிலை யாருக்குப் போனது என்பது பதிவில் நிற்கிறது. கலவை செய்யுங்கள், நன்றாகச் செய்யுங்கள். அந்தந்தத் தொகுதியில் சேர்ந்த தோட்டங்களின் பெயரைப் பெட்டியின் ஓரத்தில் அச்சிடுங்கள். மாத்தளைக் கொழுந்துக்கும் முழுப் பேர் போடுங்கள்.